கதை எழுத வேலை வேண்டுமா? குரூப் 4 எழுதிய என் அனுபவம்

கதை எழுதுகிறவள் அரசுத் தேர்வுக்குப் படிப்பது கதைக்குச் செய்யும் துரோகம் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். கும்பகோணத்தில் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி, எழுதியே பிழைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஏழு சிறுகதைகள் அச்சில் வந்தன. நான்குக்குச் சன்மானம் கிடைத்தது. புத்தகம் போட்டால் என்ன வரும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் 10,000. எங்கள் வீட்டில் ஒரு குறுவைக்கு உரம் வாங்கக்கூட அது காணாது.

வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம், அம்மா சொன்னாள்: "எழுது, வேணாங்கல. சொந்தமா நாலு காசு கையில இருந்தாத்தான் எழுதாதேன்னு சொல்ல ஆளிருக்காது."

அப்புறம்தான் எங்கள் மண்ணின் எழுத்தாளர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தேடிப் படித்தேன். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு அகில இந்திய வானொலிக்குப் போனவர். ந. பிச்சமூர்த்தி வக்கீல், பின்னாளில் கோயில் நிர்வாக அதிகாரி. எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்தவர். கு.ப. ராஜகோபாலன் கண் நோயால் அரசு வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி வாழ்ந்தார். வறுமையோடும் நோயோடும் 1944இல் இறந்தபோது அவருக்கு 42 வயது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கையில் ஒரு வேலை வேண்டும் என்று முடிவெடுத்து, கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற அரசுப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வை 2022 ஜூலையில் முதல் முறை எழுதினேன், தேறவில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன், இது உங்களுக்கும் நடக்கலாம். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற 100 கேள்விகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நமக்கு வராதா என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். ஆனால் அங்கே கேட்பது ரசனையை இல்லை. வேர்ச்சொல், பிரித்தெழுதுக, அகரவரிசை, ஒலிமரபு எல்லாம் பள்ளிப் புத்தகத்தில் உள்ளபடியே தெரிந்திருக்க வேண்டும். 90க்கு மேல் சரியாகப் போடுகிறவர்களோடு போட்டி. எனக்கு 71தான் சரி.

இரண்டாம் முறை ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்பு வரை இரண்டு தடவை வரிக்கு வரி படித்தேன். ஆந்தை அலறும், கூகை குழறும் என்று மனப்பாடம் செய்தபோது, எங்கள் கொல்லைப் புளியமரத்தில் இரவில் கேட்கும் சத்தத்துக்குச் சரியான சொல் முதல்முறையாகக் கிடைத்தது. கணக்கு 25 கேள்வி. கூட்டுவட்டிக்கு என்று தனியாக நோட்டு போட்டேன். அப்பா சம்பா சாகுபடிக்கு அடகு வைத்த நகை ஏன் மூன்று வருடமாகத் திரும்பவில்லை என்பது அந்த நோட்டில்தான் எனக்கு விளங்கியது. பிறகு நான் எழுதிய நல்ல கதை அதிலிருந்து வந்தது.

எழுதுவதை முழுக்க நிறுத்த வேண்டாம். காலை நாலரையிலிருந்து ஏழு வரை பாடம், இரவு அரைமணி கதை என்று வைத்துக்கொண்டேன். கடைசி 60 நாள் மட்டும் கதை இல்லை. தோன்றுகிற வரியைச் சின்ன நோட்டில் குறித்து வைத்ததோடு சரி. பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால், தெரியாத கேள்விக்கும் யோசித்து ஒரு விடை போட்டேன். 2024 ஜூன் 9 அன்று எழுதியதில் தேறினேன்.

எந்தப் பணியை எடுப்பது என்பதை மட்டும் கலந்தாய்வுக்கு ரயில் ஏறுமுன்பே தீர்மானித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பணியில் ஊரின் கதையெல்லாம் நம்மிடம் வரும்: சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகள், பங்காளிச் சண்டை, வாய்க்கால் தகராறு. ஆனால் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினால் அவருக்கு இரவு பகல் கிடையாது. இளநிலை உதவியாளர் என்றால் பத்து மணி முதல் 5.45 வரை. அடிப்படைச் சம்பளம் இரண்டுக்கும் 19,500தான். எனக்கு நேரம் முக்கியமாகப் பட்டது, உதவியாளர் பணியை எடுத்தேன். மனிதர்களைப் பார்க்காமல் எழுத முடியாது என்கிறவர்கள் மற்றதை எடுக்கலாம், அதுவும் நல்ல முடிவே.

சேர்ந்ததும் 1973ஆம் வருட அரசு ஊழியர் நடத்தை விதிகளை வாங்கிப் படித்துவிடுங்கள். புத்தகம் வெளியிடுவது பற்றி மேலதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும், எனக்கு ஒரு மேசையும் வாங்கினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த மேசையில் வாரத்துக்கு நாலு பக்கம் வருகிறது.