9½ சி/ஏ: ஒரு பழைய லாங்விங் ஜோடியைத் தேற்றிய குறிப்பு

ஷூ ஜோடி இது: பழுப்புக் கன்றுத்தோல், அமெரிக்கத் தயாரிப்பு, குட்இயர் வெல்ட் (வெல்ட் என்ற ஓரப்பட்டை வழியே மேல்தோலையும் சோலையும் தைக்கும் முறை), இரட்டைத் தோல் சோல். நுனியில் தொடங்கும் துளை வேலைப்பாடு குதிகால் வரை சுற்றிப் போகும் லாங்விங் வகை. சோல் அதிகம் தேயவில்லை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தாலும் அது எச்சரிக்கைதான்: போடாமல் கிடந்த ஷூவுக்கு யாரும் கிரீம் தடவியிருக்க மாட்டார்கள்.

முதலில் அளவு. உள்ளே அச்சிட்டிருப்பது 9½ சி/ஏ. கோட்டுக்கு முந்தைய எழுத்து விரல்மூட்டுப் பக்க அகலம், பிந்தையது குதிகால் அகலம். இதற்குக் காம்பினேஷன் லாஸ்ட் என்று பெயர் (லாஸ்ட் என்பது ஷூவை உருவாக்கும் அச்சு). விற்பவர்கள் பெரும்பாலும் 9½ என்று மட்டும் எழுதிவிட்டு எழுத்துகளை விட்டுவிடுவார்கள். அமெரிக்க ஷூவில் சராசரி அகலம் டி. டி போடுகிறவருக்கு இந்த ஜோடி நீளத்தில் பொருந்தும், சுண்டுவிரலை நெரிக்கும். ஆகவே வாங்குமுன் உள் எழுத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

பாதத்தை நின்றபடி அங்குலத்தில் அளந்து, மூன்றால் பெருக்கி, 22ஐக் கழித்தால் பிரானாக் என்ற பாத அளவுக் கருவி காட்டும் ஆண்கள் எண் வரும். 26.8 செ.மீ. பாதம் 10.55 அங்குலம், விடை 9.65, அதாவது 9½. அடுத்தடுத்த முழு எண்களுக்கு நடுவே 8.46 மி.மீ. வித்தியாசம். ஷூ அச்சின் நீளத்துக்கோ மூன்றால் பெருக்கி 24ஐக் கழிக்க வேண்டும். இரண்டு கணக்கையும் ஒப்பிட்டால், அச்சு பாதத்தைவிட மூன்றில் இரண்டு அங்குலம், சுமார் 17 மி.மீ., நீளமாக இருக்க வேண்டும் என்பது தெரியும். ஆகவே வளையும் டேப்பை இன்சோல் (உள்ளே பாதம் படும் தளம்) மேல் நுனிவரை விட்டுப் பார்க்கும்போது 28.5 செ.மீ.க்குப் பக்கத்தில் வர வேண்டும். நுனி கூரானால் இன்னும் கூடும். இந்த ஜோடியில் 28.4 வந்தது. சோலின் வெளிநீளத்தை நம்பக் கூடாது, வெல்ட் துருத்திக்கொண்டு அதை மிகையாகக் காட்டும். பிரிட்டிஷ் ஷூ என்றால் கணக்குப்படி எண் ஒன்று குறையும். நடைமுறையில் அரையிலிருந்து ஒன்று வரை. அங்கே சராசரி அகலம், தயாரிப்பாளரைப் பொறுத்து, இ அல்லது எஃப்.

முதல் நாள். ஷூவை வளைக்கவில்லை, காலிலும் போடவில்லை. கையில் கிடைத்ததும் போட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நடக்கும் பெரிய கொலை. எண்ணெய்ப்பசை போன தோலில் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. ஒரே அடியில் வாம்ப், அதாவது முன்பாதத்தை மூடும் மேல்தோல், குறுக்காகப் பிளந்துவிடும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்ததில் இடது ஷூவின் லைனிங்கில் வெள்ளைப் படலம். இது பூஞ்சையா, தோலிலிருந்து கசிந்த கொழுப்பா? ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை அப்படியே நிற்கும். நின்றது. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றி, காற்றோட்டத்தில் ஒரு நாள் விடப்பட்டது. ஆல்கஹால் சாயத்தைக் கிளப்பும் என்பதால் மேல்தோலில் தொடுமுன் ஷூ நாக்கின் அடிப்பக்கத்தில் சோதிப்பது நல்லது.

இரண்டாம் நாள் பழைய பாலிஷை எடுக்கும் வேலை. தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, சாடில் சோப் காரம்; ஒரே ஒரு முறை, நுரையை மட்டும் வைத்துத் துடைத்தால் போதும். அசிட்டோனை முழு ஷூவுக்கும் போட்டால் பாலிஷோடு தொழிற்சாலைச் சாயமும் வந்துவிடும், பிறகு சாயமேற்றாமல் தீராது.

மூன்றாம் நாள் தொடங்கி ஆறாம் நாள் வரை கண்டிஷனர், நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சு, ஷூவுக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு. உள்ளே, வடிவம் கெடாமலிருக்க, சிடார் மரக்கட்டை. முதல் பூச்சு பத்து நிமிடத்தில் காணாமல் போனது. நான்காவது ஒரு மணி நேரம் கழித்தும் மேலேயே பளபளத்தது. அதோடு நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு நீட்ஸ்ஃபுட் எண்ணெயை ஊற்றினால் தோல் கறுத்துத் தொளதொளக்கும், வேக்ஸ் மினுங்காது, பின்னால் பசையும் பிடிக்காது. பலரும் மறக்கும் இடங்கள் நாக்கு, இன்சோல், வெல்ட்.

ஏழாம் நாள் கட்டையை எடுத்து, கையால் மெதுவாக வளைத்துப் பார்த்ததில் வலது சுண்டுவிரல் பக்கம் 14 மி.மீ. வெடிப்பு. மடிப்புக்கும் வெடிப்புக்கும் வித்தியாசம் நகத்தை ஓட்டினாலே தெரியும்: வெடிப்பில் நகம் மாட்டும். மேல்பரப்பு மட்டும்தான் பிளந்திருந்தது. வெடிப்பின்மேல் மட்டும் அசிட்டோன் தொட்டு, 600 எண் உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் ஃபில்லரைப் பல்குச்சியால் மூன்று மெல்லிய அடுக்காக வைத்து, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் காய்ந்தபின் சமப்படுத்திச் சாயமேற்றியாயிற்று. ஒரே தடவையில் கொழகொழவென்று அப்பினால் சில நாள் நடையிலேயே அடையாகப் பெயரும். உள்வரை பிளந்த வெடிப்புக்கு ஃபில்லர் வெறும் ஒப்பனை.

இதே வேலை ஷெல் கார்டோவனில் அப்படியே செல்லாது. குதிரையின் பின்புறத் தோலுக்குள் இருக்கும் நாரடுக்கு அது. மயிர்க்கால் துளை கிடையாது, சுருக்கம் விழாமல் அலையலையாக மடியும். நனைந்தால் புள்ளி புள்ளியாய்ப் புடைக்கும். காய்ந்தபின் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் அமுங்கும். அதற்குத் தைலத்தைவிடப் பிரஷ் முக்கியம்.

குதிகால் ரப்பர் கல்லாகியிருந்தது. கொறடால் நெம்பி, ஆணிகளைப் பிடுங்கி, இரு பரப்பையும் 80 எண் தாளால் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், காத்திருந்து சுத்தியலால் தட்டியாயிற்று. பித்தளை ஆணியின் நீளம் ஹீலின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முனை குதிகாலில் குத்தும்.

பிறகு நிறத்துக்கு ஒரு கிரீம், நுனிக்கும் குதிகால் கூட்டுக்கும் மட்டும் வேக்ஸ். மடியும் இடத்தில் வேக்ஸ் ஏறினால் செதில் செதிலாக உதிரும். சோல் ஓரத்துக்கு 220 எண் தாள், அதன்மேல் ஓரச் சாயமான எட்ஜ் டிரெஸ்ஸிங்.

மீதி ஒன்று: இடது ஷூவில் கிறீச் சத்தம். முன்பாதத்தை வளைக்கும்போது வந்தால் சோல் அடுக்குகள் உராய்கின்றன என்று கொள்ளலாம். இதில் பாத வளைவை அழுத்தும்போது வருகிறது. இன்சோலுக்கும் சோலுக்கும் நடுவே பாத வளைவைத் தாங்கும் ஷாங்க் என்ற பட்டை தளர்ந்திருக்கிறது. சோலைப் பிரிக்காமல் அதைத் தொட முடியாது. தையல் நூல் உறுதியாக இருப்பதால் அடுத்த சோல் மாற்றம் வரை அப்படியே விடப்படுகிறது.