90 பிஎஸ் டீசல் எர்டிகாவில் ரீமேப்: புகையில்லாமல் இழுவை கூட்டிய வழி

டீசல் வண்டியில் இழுவை வேண்டுமென்றால் டீசலைக் கூட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் கூட்ட வேண்டியது காற்று. காற்று போதாமல் பீய்ச்சிய டீசல் கரும்புகையாகப் போகும். போகிற வழியில் பிஸ்டனையும் டர்போவையும் சுட்டுவிட்டுப் போகும். மாருதி எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸாவில் வந்த 1,248 சிசி, 90 பிஎஸ், 200 என்எம் எஞ்சினில் இந்த வேலையைச் செய்து முடித்த முறை இது. ஃபியட்டின் மல்டிஜெட் எஞ்சின்தான். விஜிடி டர்போ (இறகுகளின் கோணத்தை மாற்றிக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) என்பதால் காற்றழுத்தத்தை எஞ்சினின் கணினியான இசியுவே கட்டுப்படுத்துகிறது. இசியுவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப்புக்கு அது பெரிய வசதி.

லேப்டாப்பைத் திறக்கும் முன் வண்டி கம்பெனி நிலையிலாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் 'பிக்கப் இல்லை' என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வையும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் முனையில் எண்ணெய்க் கரி படிந்திருந்தால் அது தப்பான அழுத்தம் காட்டும். அந்தத் தப்பின் மேல் கட்டும் கணக்கெல்லாம் தப்பாகும்.

அடுத்து காற்றுக் கசிவு. டர்போவின் உறிஞ்சும் வாயை அடைத்து, பிரீதர் குழாயைக் கழற்றி மூடிவிட்டு, கம்ப்ரசரில் 1 பார் காற்று கொடுத்து, இன்டர்கூலர் ஹோஸ்களின் கிளாம்ப் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி விடும். ஹோஸின் அடிப்புறத்தில் கீறல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, குமிழி காட்டிக்கொடுக்கும். பிறகு இன்ஜெக்டர். நான்கின் ரிட்டர்ன் முனைகளிலும் தனித்தனி பாட்டில் மாட்டி ஐடிலில் ஓடவிடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் ரீமேப் ஏற்றினால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்தம் இறங்கி பி0087 என்ற பிழைக் கோடு விழும். ஒரு எச்சரிக்கை: ரிட்டர்ன் குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இதெல்லாம் முடிந்த பிறகு டைனோவில் (இழுவையை அளக்கும் உருளை மேடை) ஒரு ஓட்டம். ஸ்கேனரில் இசியு கேட்ட பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட், கேட்ட ரயில் அழுத்தம், கிடைத்த ரயில் அழுத்தம், காற்றின் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். கேட்டதும் கிடைத்ததும் ஒட்டிப் போக வேண்டும். பூஸ்ட் கேட்டதைத் தாண்டிக் குதித்துவிட்டு இறங்கினால் விஜிடி இறகுகள் கரியில் சிக்குகின்றன. அந்த நிலையில் ரீமேப் செய்தால் பூஸ்ட் மீறியதைச் சொல்லும் பி0234 விழுந்து வண்டி, சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போவதுதான் மிச்சம்.

இனி கணக்கு. ஒரு சிலிண்டர் 312 சிசி. மேனிஃபோல்டில் 2.5 பார் முழு அழுத்தமும் (கேஜ் காட்டுவது இதில் 1 பார் குறைவு) 50 டிகிரி வெப்பமும் இருந்தால் ஒரு உறிஞ்சலில் சுமார் 740 மில்லிகிராம் காற்று உள்ளே போகும். புகை வராமல் எரிய ஒரு பங்கு டீசலுக்கு 17.5 பங்கு காற்றாவது வேண்டும். ஆக 42 மில்லிகிராம் டீசல். அது தரக்கூடியது சுமார் 220 என்எம். இந்த டர்போவுக்கு அதுதான் நேர்மையான எல்லை என்பது எங்கள் கணிப்பு. இதைவிடப் பெரிய எண் சொல்பவரிடம் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பூஸ்டை இன்னும் ஏற்றினால் என்ன என்று தோன்றும். ஊட்டி மலையை நினைத்துப் பாருங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 0.77 பார்தான். கடல் மட்டத்தில் 2.5 பார் எட்ட டர்போ காற்றை 2.5 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 2.5 பாருக்கு 3.25 மடங்கு அழுத்த வேண்டும். சின்ன டர்போ அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் போகும், ஷாஃப்ட் முறியும். உயரம் கூடக்கூட பூஸ்டைக் குறைக்கும் திருத்த மேப் (கணக்கு அட்டவணை) ஒன்று இசியுவுக்குள் இருக்கிறது. மலையிலும் அதே இழுவை வேண்டுமென்று சிலர் அதைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். அதில் கை வைக்கவே கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வண்டிக்கு அதுதான் காவல்.

இசியுவைப் படிக்கும்போதும் எழுதும்போதும் பேட்டரி வோல்டேஜ் 13-க்குக் கீழே இறங்காமல் சார்ஜர் மாட்டிவையுங்கள். ஃபேன், ஏசி, லைட் எல்லாம் அணைந்திருக்கட்டும். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் இசியுவே செத்துப்போகும். ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமியுங்கள். பூஸ்ட், காற்றுக்கேற்ப டீசலுக்கு வரம்பு வைக்கும் ஸ்மோக் லிமிட்டர், இழுவைக்கு வரம்பு வைக்கும் டார்க் லிமிட்டர் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். ஒரேயடியாக ஏற்றாமல் 5 சதவீதம் ஏற்றி, ஓட்டி, பதிவைப் பார்த்து, அடுத்த 5. கூடுதல் டார்க் 2,000 சுற்றுக்கு மேல் வரட்டும். 1,500-இல் ஏற்றினால் ஓட்ட சுகமாக இருக்கும், ஆனால் அந்த வேகத்தில் ஆயில் படலம் மெலிசு. பேரிங்கும் கனெக்டிங் ராடும் அடி வாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால் வெப்ப சென்சார் ஒன்று பொருத்துங்கள். நீண்ட ஏற்றத்தில் 750 டிகிரி தாண்டி நிலைத்தால் டீசலைக் குறைக்க வேண்டும்.

ரயில் சென்சார் ஒயரில் செருகும் டியூனிங் பாக்ஸை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றும். உண்மை அழுத்தம் எவ்வளவென்று இசியுவுக்கே தெரியாததால் அதன் பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வாரண்டி போகும், இன்சூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரும். இஜிஆரை அடைப்பது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது இரண்டையும் நாங்கள் செய்வதில்லை. அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் டூவீலரில் வருகிறவர்.

முடிந்த பிறகு முதலில் கை கொடுக்காமல் போவது கிளட்ச். நாலாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் பிளேட் வழுக்குகிறது. ஆயிலை 10,000 கிலோமீட்டருக்குப் பதில் 7,500-இலேயே மாற்றுங்கள்; இந்த எஞ்சினில் டைமிங் செயின் என்பதால் கெட்டுப்போன ஆயிலின் விலையைச் செயினும் கொடுக்கும். சர்வீஸ் சென்டரில் இசியு அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும். அப்போது பழைய மாற்றிய ஃபைலை அப்படியே திரும்ப ஏற்றாதீர்கள். சாஃப்ட்வேர் பதிப்பு மாறியிருக்கும். புதிதாகப் படித்து, அந்த ஃபைலில்தான் மறுபடி மாற்ற வேண்டும்.