காட்டுக்கு யார் தீ வைக்கலாம்?

தீக்காப்பீட்டு சர்வேயராக மணலியிலும் சௌகார்பேட்டையிலும் எரிந்த கிடங்குகளில் ஏறி இறங்கியே என் உத்தியோகக் காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் எந்த நெருப்புச் செய்தியைப் படித்தாலும் இரண்டு கேள்விகள் தானாக வந்துவிடும். எரிவதற்கு அங்கே என்ன கிடந்தது? நஷ்டம் யார் தலையில்?

மகள் இருப்பது கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில். சுற்றிலும் பைன் மரங்கள். போன வருடம் அவள் வீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்க முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது. அங்கே இது இப்போது சாதாரணமாம். 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்த இடம் அவளுக்கு அதிக தூரமில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் அந்த மாநிலச் சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். ஈரம் இருக்கும் பருவத்தில், காற்று பார்த்து, நாள் குறித்து, சருகையும் புதரையும் வேண்டுமென்றே மெல்ல எரித்துவிட்டால் கோடையில் பெருந்தீ வந்தாலும் அதற்குத் தீனி குறைவு. கலிஃபோர்னியாவின் வடக்கே வாழும் கரூக், யூரோக் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. 1850இல் மாநிலம் உருவானபோதே புல்வெளிக்குத் தீ வைப்பதைக் குற்றமாக்கினார்கள். அப்புறம் நூறு வருடங்களுக்கு மேல், எங்கே புகை தெரிந்தாலும் அணை என்பதே கொள்கை. காட்டில் சருகு சேர்ந்துகொண்டே போனது.

எரிப்பது நல்லது என்று பின்னால் எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் யாரும் தீக்குச்சியைத் தொடவில்லை. ஒருவர் கவனக்குறைவால் தீ எல்லை தாண்டினால் அதை அணைத்த செலவு முழுவதையும் அவரிடமே வசூலிக்கலாம் என்று சட்டம் இருந்தது. அதற்கு காப்பீடு தரவும் ஆளில்லை. எந்த விவசாயி துணிவார்?

கலிஃபோர்னியா சட்டமன்றம் கை வைத்தது இந்த முடிச்சில்தான். சான்று பெற்ற எரிப்புப் பொறுப்பாளர் ஒருவர் திட்டம் போட்டு, அனுமதி வாங்கி, விதிப்படி எரித்தால், படுமோசமான அலட்சியம் இருந்தாலொழிய தீயணைப்புச் செலவை அவர்மேல் போடக்கூடாது என்று 2021இல் சட்டம் வந்தது. தங்கள் மரபுப்படி எரிக்கும் பழங்குடியினருக்கும் அதில் இடம் உண்டு. அடுத்த வருடம் நஷ்டஈட்டுக்கென்று 2 கோடி டாலரில் ஒரு நிதி. ஓர் எரிப்புக்கு 20 லட்சம் டாலர் வரை. ஃபுளோரிடா இதற்கெல்லாம் முன்னோடி. 1990லேயே சட்டம் போட்டார்கள், இன்று அங்கே ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் ஏக்கர் இப்படி எரிக்கிறார்கள்.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2022 ஏப்ரலில் நியூ மெக்சிகோவில் மத்திய வனத்துறை வைத்த தீயே கைமீறி, இன்னொரு தீயோடு சேர்ந்து 3 லட்சம் ஏக்கருக்கு மேல் அழித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அது. நஷ்டஈட்டுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. தப்பு நடந்தால் யார் தருவது என்பதை முதலிலேயே எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து சென்ற குழுவில் பெரும்பாலும் பெண்கள், என் மகள் வயதுக்காரர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடு கொடுக்காது. அந்த வருடமே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. யார், எந்தப் பாதையில், யார் அனுமதியோடு ஏறலாம் என்பதெல்லாம் இருக்கிறது. அந்தப் புல்லை என்ன செய்வது என்பதற்கு விடை அதில் இல்லை.

நம் கையில் இருப்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம். காப்புக்காட்டில் தீ வைத்தால் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் சரணாலயங்களுக்கு அதையே சொல்கிறது. வனத்துறை கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி எரிக்கிறது, உண்மைதான். ஆனால் அது எல்லையோரப் பட்டை, உள்ளே கிடக்கும் சருகு அப்படியேதான் இருக்கும். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர்கள் ஒரு காலத்தில் சருகை எரித்து வந்தார்கள். அது நின்ற பிறகுதான் உண்ணிச்செடி என்ற களை காட்டையே மூடியது என்பது அவர்கள் சொல்வது. ஆராய்ச்சியாளர்கள் சிலரும் அதை ஏற்கிறார்கள். அடிக்கடி எரித்தால் இளங்கன்று பிழைக்காது என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் நியாயமே. சோலைக்காட்டில் ஒருபோதும் தீ கூடாது. இலையுதிர் காடும் புல்வெளியும் வேறு. எங்கே, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதைச் சூழலியலாளர்களும் காட்டில் வாழ்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

மத்தியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் 1976 முதல் காடு இருக்கிறது. நம் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்பவை: எரிப்புக்குப் பொறுப்பேற்பவருக்குப் பயிற்சியும் சான்றும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற கிராமசபைகளுக்கு முடிவில் பங்கு, விதிப்படி நடந்தவருக்குப் பாதுகாப்பு, தீ தாண்டி யாருடைய ஏலக்காய்த் தோட்டமாவது கருகினால் வழக்கு இல்லாமல் பணம் தர ஒரு நிதி. எல்லாவற்றுக்கும் முன்னால், பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கும் தற்காலிகத் தீக்காவலர்களுக்கு உயிர்க்காப்பீடும் தீ தாங்கும் உடையும் பூட்ஸும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு அனுப்ப ஒரு வரைவு தயாராகிறது. காப்பீட்டுப் பகுதியை நானே எழுதிவிடுவேன். போடி, ஆசனூர், கோத்தகிரி பக்கம் இருப்பவர்கள், உங்கள் பெரியவர்கள் எந்த மாதத்தில் எந்தச் சரிவை எரித்தார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது.