மேலே சைக்கிள் ஏறினால் மைலேஜ் எங்கே போகிறது

ஏப்ரல் 2

இரண்டு சைக்கிளையும் கூரை கேரியரில் நிறுத்திக் கட்டி நெடுஞ்சாலையில் போய் வந்தாயிற்று. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டினால் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தருகிற என் டொயோட்டா ப்ரியஸ் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார்), அதே சாலையில் அதே வேகத்தில் 17.5 கிலோமீட்டர்தான் தந்தது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. "சைக்கிள் ஏற்றுவதாக இருந்தால் ஹைபிரிட் எதற்கு, சாதா வண்டியே போதுமே" என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று கணக்கோடு எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

ஏப்ரல் 4

முதலில் எடை. எல்லோரும் முதலில் கை நீட்டுவது அதன் மேல்தான். சைக்கிள் இரண்டும் கேரியரும் சேர்ந்து 40 கிலோ வரும், அதாவது பின்சீட்டில் ஒரு பள்ளிப் பிள்ளை கூடுதலாக உட்கார்ந்த மாதிரி. கிட்டத்தட்ட 45 கிலோ கூடினால் எரிபொருள் சிக்கனம் 1 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் பொதுக்கணக்கு. எனக்குப் போனது இருபது விழுக்காடு, எடையின் பங்கு அதில் மிகச் சிறியது.

இன்னொன்றும் உண்டு, ஹைபிரிட் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடையைத் தள்ள நாம் செலவழிக்கிற சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். மேட்டில் ஏறும்போது கூடுதலாகக் குடித்த பெட்ரோலில் கொஞ்சத்தை இறக்கத்தில் மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரிக்குள் போட்டுவிடும், பிரேக் மிதிக்கும்போதும் அப்படித்தான். ஆனால் காற்றைத் தள்ளச் செலவழித்தது அந்த இடத்திலேயே போய்விட்டது. வண்டிக்குப் பின்னால் சுழலாகச் சுற்றிச் சூடாகி முடிந்துவிடும், எந்த மோட்டாராலும் அதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஹைபிரிட்டின் மிகப் பெரிய பலம் எதுவோ அது கூரை மேல் இருக்கிற சைக்கிளுக்கு உதவாது. நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் உள்ள வித்தியாசம், பின்னால் மாட்டுவதா மேலே மாட்டுவதா என்ற கேள்வி எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

ஏப்ரல் 5

நேற்று எழுதியதற்குக் கணக்குக் கேட்டிருந்தார்கள். சரி, போட்டுப் பார்க்கலாம்.

காற்றுத் தடை நான்கு விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, வண்டியின் முன்பக்கப் பரப்பு, இழுவைக் கெழு (ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடும் என்று சொல்கிற எண், குறைவாக இருந்தால் நல்லது), வேகத்தின் வர்க்கம். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் இழுவைக் கெழு 0.25. முன்பக்கப் பரப்பு ஏறக்குறைய 2.2 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்றை விலக்க மட்டும் 7 கிலோவாட் தேவைப்படுகிறது, டயர் உருள்வதற்கு இன்னொரு 3.5, 4 கிலோவாட். அவ்வளவுதான். ஒரு முழுக் காரை நூறில் ஓட்ட இவ்வளவு போதும் என்பதே எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

இப்போது மேலே சைக்கிள். பார்க்க மெல்லிய கம்பிகளாகத்தான் தெரியும், அதனால் காற்று இடுக்கில் புகுந்து போய்விடும் என்று நினைப்போம். ஆனால் உருண்டைக் குழாய் காற்றுக்கு மிக மோசமான வடிவம். இந்த வேகத்தில் அதன் இழுவைக் கெழு 1க்கு மேலே, அதாவது அதே பரப்புக்கு ப்ரியஸின் உடம்பைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இழுக்கும். ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், பெடல், ஆரக்கம்பி என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுழலை உண்டாக்குகிறது. போதாததற்கு, கூரை மேல் ஏறும் காற்று வண்டியின் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடும், சைக்கிள் நிற்பது சரியாக அங்கேதான். இரண்டு சைக்கிளும் கேரியரும் சேர்ந்து 3 கிலோவாட் கேட்கின்றன என்று வைத்துக்கொண்டால் நான் பார்த்த மைலேஜோடு கணக்கு பொருந்துகிறது.

ஏப்ரல் 9

நண்பர் ஒருவர் பெரிய வேன் வைத்திருக்கிறார். "என் வண்டியில் சைக்கிள் ஏற்றினால் ஒன்றும் தெரியாதுங்க, லிட்டருக்கு 11 தருவது 9.7 ஆகும், ஒன்றேகால்தான் குறையும். உங்களுக்கு நாலரை போச்சே" என்றார். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். என்னுடையது 4.5 லிட்டரிலிருந்து 5.7 லிட்டர். அவருடையது 9.1 லிட்டரிலிருந்து 10.3 லிட்டர். இரண்டு பேருக்கும் கூடுதலாகச் செலவானது ஒரே 1.2 லிட்டர்! சைக்கிளுக்குத் தான் எந்த வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது, அது கேட்கிற சக்தியைக் கேட்கத்தான் செய்யும். அடிப்படைச் செலவு குறைவாக இருக்கிற வண்டியில் அந்த 1.2 லிட்டர் பெரிய விழுக்காடாகத் தெரிகிறது. சைக்கிளோடு போகிற என் கார், சைக்கிளே இல்லாத அவர் வேனைவிட மூன்று லிட்டருக்கு மேல் குறைவாகக் குடிக்கிறது. இதைச் சொன்ன பிறகு அவரும் காகிதத்தில் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 12

ஊருக்குள் மட்டும் ஓட்டிய வாரம், சைக்கிள் மேலேயே இருந்தது. மைலேஜில் சொல்லும்படி மாற்றம் இல்லை. முப்பது, நாற்பதில் காற்று அவ்வளவு பொருட்டே இல்லை, நின்று நின்று போவதில் எடைக்குச் செலவானதில் ஒரு பகுதியைப் பேட்டரி திருப்பி வாங்கிக்கொள்கிறது. பக்கத்துப் பூங்கா வரைக்கும் சைக்கிள் ஏற்றிப் போகிறவர்கள் இதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்.

ஏப்ரல் 16

பின்கதவில் வார் போட்டு மாட்டுகிற கேரியரை இரவல் வாங்கிப் பார்த்தேன். அதே நெடுஞ்சாலை, அதே நூறு: லிட்டருக்கு 20 கிலோமீட்டர். கூரையில் போன நாலரை இங்கே இரண்டாகக் குறைந்துவிட்டது. காரணம் எளிது, காரின் உடம்பு ஏற்கெனவே காற்றைப் பிளந்து விட்டுப்போன நிழலுக்குள் சைக்கிளின் பெரும்பகுதி ஒளிந்துகொள்கிறது. இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சக்கரம்தான் காற்றைப் பிடிக்கிறது, முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டால் அதையும் குறைக்கலாம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளமும் சரக்குப் பெட்டிகளைப் பற்றி இதே திசையில்தான் சொல்கிறது: கூரையில் மழுங்கிய முகப்புள்ள பெரிய பெட்டி என்றால் மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 விழுக்காடு இழப்பு, பின்னால் மாட்டினால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 விழுக்காடு. சைக்கிள் பெட்டியைப் போல ஒழுங்கான வடிவம் இல்லாததால் என் எண் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் பின்பக்கக் கேரியரில் பார்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. ஹைபிரிட் கார்கள் பலவற்றில் பின்கதவு மேல்விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கிறது, வாரின் கொக்கி அதன் மேல் அழுத்தினால் உடையும், அதனால் கேரியர் செய்தவர்களின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். டிரெய்லர் இழுக்கிற கொக்கியில் மாட்டுகிற கேரியர் என்றால் கார் கையேட்டில் அனுமதி உண்டா, எத்தனை கிலோ வரை என்று பாருங்கள். நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையக் கூடாது. முக்கியமாக, சைக்கிள் டயர் சைலென்சர் வாய்க்கு நேராக வந்துவிடாமல் தள்ளிக் கட்டுங்கள், அந்தச் சூட்டில் ரப்பர் உருகிவிடும்.

ஏப்ரல் 17

காலியான கேரியரை மேலேயே விட்டுவிடுகிறார்கள், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிற விஷயம் இது. சைக்கிள் போவது எப்போதோ, கேரியர் போவது தினமும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மெய்யரும், தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தைச் சேர்ந்த யூச்சே சென்னும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் கார் போன்ற இலகு வாகனங்கள் எரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய 1 விழுக்காடு கூரைக் கேரியர்களால் மட்டும் போகிறது என்று மதிப்பிட்டது. நாடு முழுக்க என்றால் அது எவ்வளவு பெட்ரோல்! கழற்ற ஆகிற நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

ஏப்ரல் 23

மேலேதான் ஏற்றியாக வேண்டும் என்றால் ஒரே மருந்து வேகம். 110இலிருந்து 90க்கு இறங்கினால் காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். இன்று எதிர்க்காற்றில் ஓட்டினேன். 90இல் போகும்போது முன்னாலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் சைக்கிளுக்கு அது 110தான், ஸ்பீடோமீட்டர் அதைக் காட்டாது. அப்புறம் பக்கக் காற்று, பாலத்தின் மேலும் லாரியைத் தாண்டும்போதும் வண்டி ஒரு இழு இழுக்கிறது. அதற்காகவும் மெதுவாகப் போங்கள் என்று சொல்வேன்.

ஏப்ரல் 30

தம்பி கேட்டான், "உள்ளேயே வைத்தால் என்ன அண்ணா?" என்று. ஒருவரோ இருவரோ போவதாக இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பின்சீட்டை மடித்து, முன்சக்கரத்தையும் பெடலையும் கழற்றி, நடுவில் ஒரு பழைய போர்வை போட்டால் இரண்டு சைக்கிள் கொள்ளும். மைலேஜ் காட்டி 22ஐ விட்டு அசையவில்லை.

ஆனால் ஹைபிரிட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை: ப்ரியஸிலும் வேறு பல மாடல்களிலும் ஹைபிரிட் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று பின்சீட்டின் பக்கத்தில் அல்லது அடியில் இருக்கிற ஒரு துவாரம் வழியாகத்தான் உள்ளே போகிறது. போர்வையோ பையோ அதை மூடிவிட்டால் பேட்டரி சூடாகும், சூடானால் கார் தானே பேட்டரியின் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியின் ஆயுளுக்கும் நல்லதில்லை. சாமான் ஏற்றியதும் அந்தத் துவாரத்தை ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்.

மே 4

எப்படி அளந்தாய் என்று சிலர் கேட்டார்கள். காரின் காட்டியை மட்டும் நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்துவது, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுப்பது. போன சாலையிலேயே திரும்பி வந்தால் ஏற்ற இறக்கம் சமனாகிவிடும், காற்றும் ஓரளவுக்கு. எஞ்சின் சூடான பிறகு தொடங்குங்கள், டயர் காற்றை இரண்டு தடவையும் ஒரே அளவில் வையுங்கள். குளிர்நாளையும் வெயில்நாளையும் ஒப்பிடாதீர்கள், 0 டிகிரியில் இருக்கிற காற்று 30 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து விழுக்காடு அடர்த்தி கூடியது, தடையும் அதே அளவு கூடும். சைக்கிள் இல்லாமல் ஒரு தடவை, சைக்கிளோடு ஒரு தடவை, மறுபடி இல்லாமல் ஒரு தடவை. முதல் அளவும் மூன்றாவது அளவும் ஒத்துப்போனால்தான் நடுவில் வந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். யாராவது உங்கள் வண்டியில் அளந்தால் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே எழுதுங்கள், அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.