வட்டத்தைக் காணோமே

“அது அழுக்குதானே ஐயா, எடுத்துவிட்டோம்” என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கை மவுஸில், கண் மானிட்டரில் இருக்கும்போது வாயில் வந்தது. பழைய படங்களைக் கணினியில் துடைத்துப் புதுப்பிப்பது என் வேலை. அவர் அந்தக் காலத்தில் அரங்கில் படம் ஓட்டிய ஆபரேட்டர். புதுப்பித்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டதும் சாதாரணக் கேள்விதான்: “தம்பி, வட்டத்தைக் காணோமே?”

அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீதி ரீலைப் பார்த்தார். கிளம்பும்போது எப்போதும்போல “வரேன் தம்பி” என்றார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் இவ்வளவு நாள் இது என்னை உறுத்தியிருக்காது.

பிலிமில் படம் பார்த்தவர்களுக்கு அந்த வட்டம் தெரியும். தெரியும் என்பது தெரியாமலேயே தெரியும். திரையின் வலது மேல் மூலையில் சட்டென்று வந்து போகும் ஒரு பொட்டு. நாலு ஃபிரேம், அதாவது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. படம் பல ரீல்களாக, இரண்டு புரொஜெக்டரில் மாறி மாறி ஓடும். ரீல் முடிய எட்டு நொடி இருக்கும்போது ஒன்று வரும். அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிடு என்று அர்த்தம். கடைசி நொடியில் இன்னொன்று வரும். இப்போது மாற்று. 2,000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும் என்றால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆபரேட்டர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண் அசந்தால் திரை வெள்ளையாகிவிடும், அப்புறம் கீழேயிருந்து விசில் பறக்கும். அவர் வாழ்க்கையில் பாதி அந்த மூலையைப் பார்த்தே போயிருக்கிறது. அதைத்தான் நான் அழுக்கு என்றேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் வைத்ததல்ல அது. ஒளிப்பதிவாளர் வைத்ததுமல்ல. நெகட்டிவ் வினிகர் வாடையடித்துச் சுருங்கி, ஸ்கேனருக்குள் போகாத நிலையில் இருந்தது. அதனால் அரங்குகளில் ஓடித் தேய்ந்த ஒரு பிரிண்டிலிருந்துதான் வேலை செய்தோம். அதில் பிரிண்ட் போட்ட லேப் வைத்த வட்டம் போதாதென்று, ஆபரேட்டர்கள் கைக்கு வந்தபடி ஊசியால் கீறிய வட்டங்கள், ஒரு பெருக்கல் குறி, ரீலின் வாலில் ஒரு கோணல் கோடு. கணினிக் கோப்பாக ஓடும் படத்துக்கு ரீல் ஏது, மாற்றுவது ஏது? இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து தத்துவம் பேச முடியாது. ஸ்கேன் செய்த மூலக் கோப்பில் கைவைப்பதும் இல்லை, வட்டங்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கின்றன.

இதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், “அதை யார் தம்பி பார்ப்பாங்க?” என்று கேட்டிருப்பார். கேட்டிருக்கவே மாட்டார், நானாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலில் நாங்கள் போட்டுக்கொள்ளும் கோடும் அப்படியொன்றும் நேரானதல்ல. கிரெயினை, அதாவது பிலிமில் இயல்பாகவே இருக்கும் மணல்போன்ற பொடிப்புள்ளிகளை, தொடக்கூடாது என்று நானே புதிதாக வருகிறவர்களிடம் மணிக்கணக்கில் பேசுவேன். அதுதான் படத்தின் உடம்பு, அதைத் துடைத்தால் முகமெல்லாம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். கீறல் வெளியிலிருந்து வந்தது, அதனால் போகலாம். சரி, வட்டம்? அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் வேண்டுமென்றே வைத்தது. படத்தைப் பார்வையாளரிடம் கொண்டு சேர்க்க ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எழுதி வைத்த குறிப்பு. இதை எந்தப் பக்கம் போடுவது?

1927இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெளிவந்த கையோடு வெட்டப்பட்டு, வெட்டிய பகுதி போனது போனதுதான் என்று இருந்தார்கள். 2008இல் புவெனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுப் படமும் 16 மி.மீ. பிரதியாகக் கிடைத்தது. தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்த பிரதி என்பதால் கீறல்கள் படத்தோடு படமாகப் பதிந்திருந்தன. எவ்வளவு பாடுபட்டும் முழுக்கப் போகவில்லை. 2010இல் வெளியான வடிவத்தைப் பார்த்தால், திடீரென்று மழை பெய்கிறமாதிரி கோடுகள் வரும். அந்த மழை வந்தால், இவ்வளவு காலம் காணாமல் போயிருந்த காட்சி இது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த இடங்களில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்தக் கீறல்களை எடுக்கும் கருவி என் கையில் இருந்து, அந்த வேலையும் என்னிடம் வந்திருந்தால், எடுத்திருப்பேன்.

அந்தப் பெரியவரை நாங்கள் கூப்பிட்டதே அவர் ஞாபகத்துக்காகத்தான். ஐந்தாவது ரீல் ஒட்டு மேல் ஒட்டாக இருந்தது. படத்தின் பெயர் பெற்ற பாட்டு அதில்தான். “திரும்பப் போடு திரும்பப் போடுன்னு கத்துவாங்க, அதான் இந்தக் கதி” என்றார். ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் சில ஃபிரேம்கள் போகும். சரணத்தில் ஓர் எழுத்தே காணோம். விடுபட்ட ஒலியை இசைத்தட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தோம். அழகாக உட்கார்ந்தது, இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். பிறகு கவனித்தேன். அவர் தேநீர் இடைவேளையில் அந்தப் பாட்டை முணுமுணுத்தார், அந்த எழுத்தை விழுங்கிவிட்டு. இரண்டாம் முறையும் அப்படியே. அவர் அரங்கில் அதைக் கேட்டு வளர்ந்த எத்தனை பேர் இப்படிப் பாடிக்கொண்டிருப்பார்களோ. நாங்கள் திருத்திய பாட்டு அவர்களுக்குத் தப்பாகக் கேட்குமோ என்னவோ.

ஒரு படம் நிலைக்கிறது என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். எங்கே நிலைக்கிறது? குளிரூட்டிய அறையில் டப்பாவுக்குள் இருப்பது ஒரு பிரதி. அந்த விழுங்கிய எழுத்து வேறொரு பிரதி. அதற்கு அறையும் இல்லை, கோப்பு எண்ணும் இல்லை. இப்படி எழுதும்போதே கொஞ்சம் மிகைப்படுத்துகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. டப்பா இல்லையென்றால் அந்த எழுத்தும் ஒரு தலைமுறையோடு போய்விடும். அந்த டப்பாவைக் காப்பாற்றத்தானே எனக்குச் சம்பளம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அவர் ஞாபகம் எல்லா இடத்திலும் சரியில்லை. கடைசிக் காட்சியில் நாயகி வாசல் தாண்டிப் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று அடித்துச் சொன்னார். பிரிண்டில் இல்லை. வெட்டுப்பட்ட தடயமும் இல்லை, ஒலி தொடர்ச்சியாக இருந்தது. திரைக்கதைப் பிரதியிலும் இல்லை. “ஐயா, அப்படி ஒரு ஷாட்டே இல்லை” என்றேன். “இருந்துச்சு தம்பி” என்றார். நூற்றுக்கணக்கான முறை பார்த்தவர் சொல்கிறார். ஒருவேளை அவர் அந்த நேரம் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்று எனக்குள் சிரித்துக்கொண்டதும் உண்டு. இப்போது அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கும் அவள் திரும்பித்தான் பார்க்கிறாள். ஃபிரேம் ஃபிரேமாக அந்தக் காட்சியைத் துடைத்தவன் நான். இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் வேறொரு படம் வந்தது. அதுவும் பிரிண்டிலிருந்துதான். யாரிடமும் சொல்லாமல் நாலாவது ரீலின் கடைசி வட்டத்தை மட்டும் விட்டுவைத்தேன். ஏன் அது மட்டும் என்றால் காரணம் இல்லை, வட்டம் நன்றாக உருண்டையாக இருந்தது. பத்து நாளில் தரச் சோதனைப் பட்டியல் வந்தது. நாலாவது ரீல், வலது மேல் மூலை, நாலு ஃபிரேம், அழுக்கு. எழுதிய பையன் பக்கத்து அறையில்தான் இருந்தான். போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். என்ன சொல்வது என்று பிடிபடவில்லை. உட்கார்ந்து, அந்த நாலு ஃபிரேமையும் திறந்து, துடைத்துவிட்டு, ‘சரிசெய்யப்பட்டது’ என்று போட்டு அனுப்பினேன்.