றம்பொடை ஏற்றத்தில் தெரிந்த பிழை

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. பிளக்கில் பொறி பாய வேண்டிய வோல்ட்டேஜைக் கொடுக்கிற கொயிலின் வயர்களை மாறிப் பூட்டிய காரை இங்கே வருஷக்கணக்காக ஓட்டலாம், ஒருவருக்கும் தெரியாது. என் கையால் அப்படி விட்ட ஒரு மொறிஸ் மைனர், நுவரெலியா போகிற வழியில் றம்பொடை ஏற்றத்தில் வைத்துத்தான் குறையைக் காட்டியது.

2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு நடந்தது. ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் புது ரேடியோ ஒன்றோடு கராஜுக்கு வந்தார். அவருடைய மைனர் பிளஸ் எர்த் வண்டி. 1930களிலிருந்து 1960களின் நடுப்பகுதி தாண்டும்வரை வந்த பிரித்தானியக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான். பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு பூட்டியிருக்கும். ரேடியோவோ மைனஸ் எர்த். "தம்பி, இதுக்கு ஏத்த மாதிரிக் காரை மாத்தித் தருவீரா?" என்று கேட்டார்.

பெரிய வேலை இல்லை. பற்றரியைத் திருப்பி வைத்தேன். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் எஃப் முனையில் பற்றரி வயரை ஒரு கணம் தொட்டெடுத்து அதன் திசையை மாற்றினேன். ஸ்ராட்டருக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். அப்புறம் கொயிலைப் பார்த்தேன். பழைய லூகாஸ் கொயில். ஒரு முனையில் எஸ்.டபிள்யூ., மற்றதில் சி.பி. என்று போட்டிருக்கும். முதலாவது சுவிச்சுக்கு, இரண்டாவது டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்றுக்கு. வயர்கள் அந்த எழுத்துப்படியே இருந்தன, நான் கை வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் கார் ஸ்ராட் ஆனது. ரேடியோவும் பாடியது.

மாஸ்ரர் குடும்பத்தோடு மலைநாடு போய் வந்து சொன்னார்: "சமதரையில நல்லாத்தான் ஓடினது தம்பி. ஏத்தத்தில மிதிக்க மிதிக்க இருமுது."

இரண்டு நாள் கார்ப்பரேற்றரையும் பெற்றோல் பம்பையும் பொயின்ற் இடைவெளியையும் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை, "பிளக்கைக் கழட்டித் தா" என்றார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக்கில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில்தான் பெற்றோலைக் கொளுத்தும் பொறி பாயும். பிளக்கின் நடுக்கம்பி கூர் குலையாமல் இருந்தது. வளைந்து நிற்கும் பக்கக் கம்பியின் உட்புறம்தான் கரண்டிக் குழி மாதிரி அரிபட்டிருந்தது. "நெருப்பு தலைகீழாப் போகுது" என்றார்.

அவருக்கு அந்தக் கண் வந்த விதம் எனக்குத் தெரியும். 1990களில் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் ஓயாமல் கரி பிடிக்கும். கழற்றித் துடைப்பதே அன்றாட வேலை. அத்தனை பிளக்கைக் கையில் பார்த்தவர் அவர்.

ஆனாலும் கண்ணால் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. பென்சில் ஒன்றைச் சீவி, பிளக்குக்கு வருகிற வயரைப் பிளக்கிலிருந்து கொஞ்சம் விலக்கி, இரண்டுக்கும் நடுவில் பென்சில் கரியைப் பிடித்தார். எஞ்சினைச் சுற்றியதும் கரியின் இரண்டு பக்கமும் பொறி பாய்ந்தது. ஒரு பக்கப் பொறியில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு சிறு சுவாலை விரிந்தது. அது பிளக் பக்கம் விரிந்தால் சரி. எங்களுக்கு வயர் பக்கம் விரிந்தது.

பிளக்கின் நடுக்கம்பிதான் அதிகம் சூடாகும். சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரோன் சுலபமாகப் புறப்படும். அதனால் நடுக்கம்பி மைனஸாக இருக்கவேண்டும். மாறினால் குளிர்ந்த பக்கக் கம்பியிலிருந்து பொறி பாயவேண்டும். அதற்கு 15 முதல் 30 வீதம்வரை கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சமதரையில் கொயில் அதைச் சமாளித்துவிடும். ஏற்றத்தில் அக்ஸிலேற்றரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பொறி பாய்வது இன்னும் கஷ்டமாகும். அங்கேதான் தவறும்.

அந்தக் கொயிலின் எழுத்துகள் பிளஸ் எர்த் காருக்காகப் போட்டவை. பற்றரியைத் திருப்பிய அன்றே அவற்றின் பொருளும் திரும்பிவிட்டது, நான் அதை யோசிக்கவில்லை. பிளஸ், மைனஸ் குறி போட்ட கொயிலில் இந்தச் சிக்கல் இல்லை: எர்த் எந்தக் குறியோ, அந்தக் குறியுள்ள முனையிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வயர் போகவேண்டும். மைனஸ் எர்த் என்றால் மைனஸ் முனை, அவ்வளவுதான்.

இரண்டு வயரையும் இடம் மாற்றிப் புதுப் பிளக் போட்டேன். மாஸ்ரரைக் கூப்பிட்டு பென்சிலை அவர் கையிலேயே கொடுத்தேன். சுவாலை பிளக் பக்கம் விரிந்ததை அவரே பார்த்தார். செய்த பிழையையும் மறைக்காமல் சொன்னேன், கூலி வாங்கவில்லை.

இப்போது சுவிச் வயர் சி.பி.யில் இருந்தது. எழுத்தை நம்பிப் பார்க்கிற எந்த மெக்கானிக்குக்கும் அது பிழையாகத்தான் தெரியும். நல்லெண்ணத்தோடு திரும்ப மாற்றிவிடுவார். அதனால் சின்னத் தகட்டுத் துண்டொன்றில் வெள்ளைப் பெயின்றால் "மைனஸ் எர்த். வயர் மாத்திப் பூட்டியது. கை வைக்கவேண்டாம்" என்று எழுதிக் கொயிலின் கழுத்தில் கட்டிவிட்டேன்.