தரையை நனைத்தேன், பெயின்ட் வெளுத்தது: வீட்டிலேயே சேத்தக்குக்கு வண்ணம் அடித்த அனுபவம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் பல வருடங்களாக ஓடாமல் நின்ற 1989ஆம் வருடத்து பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குத் தை மாதக் கடைசியில் வண்ணம் அடிக்கத் தொடங்கினேன். மாசி பாதி கடந்துவிட்ட இன்று, பக்க மூடிகள் இரண்டும் முன் மட்கார்டும் முடிந்திருக்கின்றன. உடற்பகுதி பிரைமரோடு நிற்கிறது. சேத்தக்குக்குத் தனிச் சட்டம் கிடையாது, அழுத்தி வார்த்த தகட்டு உடலே சட்டமாகவும் இருக்கிறது என்பதால், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து அடிக்க வழியில்லை. ஆகவே சிறிய பாகங்களில் கை பழகிய பிறகே அதைத் தொடுவது என்று முடிவு செய்தேன். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான வெளிர் நீலத்தையே வைத்துக்கொண்டேன். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் அலைய வேண்டும்.

எந்த பெயின்ட் என்பதில்தான் அதிகம் யோசித்தேன். ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் 2கே பெயின்ட் பளபளப்பிலும் உழைப்பிலும் மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. ஆபத்தான அளவை எட்டிய பிறகும் அதன் வாடை மூக்குக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை அடிப்பது சரியல்ல. அந்த வசதி என்னிடம் இல்லை. எனவே பட்டறைகளில் டூக்கோ என்று இன்றும் சொல்லப்படும் பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டைத் தேர்ந்தெடுத்தேன். டூபான்ட் நிறுவனம் 1920களில் டூக்கோ என்ற பெயரில் விற்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சின் வழிவந்த சொல் அது. தின்னர் ஆவியாவதாலேயே காய்வது இதன் சௌகரியம். பெட்ரோல் சிந்தினால் மங்குவது இதன் குறை. இதற்கும் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி அவசியம், கைக்குட்டை போதாது.

உள்ளே வைத்து வண்ணம் அடிப்பதற்காக 10 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி உயரத்தில் பி.வி.சி. குழாய்களால் கூடு கட்டி, நான்கு பக்கமும் மேற்புறமும் பாலித்தீன் தாள் போர்த்தினேன். ஒரு முனையில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தினேன். தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் பெயின்ட் தெளிக்கும் ஸ்பிரே கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசரை வெளியே வைத்தேன், ஏனெனில் அதன் சுவிட்சில் பொறி பறக்கும். அதே ஆவி முழுவதும் இந்த ஃபேனின் மோட்டார் வழியாகத்தான் வெளியேறப் போகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

பட்டி பார்த்ததையும், 180, 320, 600 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததையும் விவரிக்க ஒன்றுமில்லை. தோள்பட்டைக்குத்தான் அது நினைவிருக்கும்.

முதல் பக்க மூடியை அடித்து முடித்தபோது அதன் மேல் ரவை தூவியதைப் போலத் தூசி. தரையிலிருந்துதான் பறக்கிறது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, அடுத்த நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் தெளித்துவிட்டு மட்கார்டை அடித்தேன். தூசி சற்றுக் குறைந்தது. ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் நீலத்தின் மேல் விபூதி பூசியதைப் போல வெள்ளைப் படலம் எழுந்தது. தெருக்கோடிப் பட்டறையில் நாற்பது வருடம் டிங்கரிங் பார்த்த பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“தரையில தண்ணிய ஊத்திட்டு டூக்கோ அடிச்சா வெளுக்காம என்ன தம்பி செய்யும்?” என்றார்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளி போலப் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. காவிரிக்கரைக் காலைப்பனியே போதும். நானோ அதோடு ஒரு வாளியையும் சேர்த்திருந்தேன். அவர் சொன்னபடி, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மறுநாள் வெயில் ஏறிய பிறகு மெல்லிய சாரலாக அடித்ததும், பூச்சு மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, நீலம் திரும்பியது. அதன்பின் ஈரப்பதமானி 60 சதவீதத்துக்குக் கீழே காட்டாமல் ஸ்பிரே கன்னைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் பத்தரை மணிக்கு மேல்தான்.

தூசிக்கு உண்மையான காரணம் தரையல்ல, ஃபேன். காற்றை வெளியே இழுக்க இழுக்க, பாலித்தீன் சுவர்கள் உள்வாங்கி, டேப் ஒட்டாத ஒவ்வொரு இடுக்கின் வழியாகவும் தெருப்புழுதி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. ஃபேனைத் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி வைத்து, அதன் முன்னால் துவைத்த பழைய வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டினேன் (நான்கு மடிப்பு வைத்தபோது காற்றே வரவில்லை). இப்போது கூடு லேசாக உப்பி நிற்கிறது. இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகிறது. மோட்டாரும் ஆவி படாத சுத்தமான காற்றில் ஓடுகிறது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், வெளியேறும் வழியை எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி, வீட்டு ஜன்னல்களுக்கு மறுபக்கம் வெட்டினேன். இரண்டாவது பக்க மூடியில் நான் எண்ணிய தூசிகள் நான்கு, ஒரு கொசு தனி.

கம்ப்ரசர் 1 குதிரைத்திறன் மட்டுமே என்பதால் ஒரு பாகத்தை அடித்துவிட்டு டேங்க் நிரம்பக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அதன் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். மறந்த ஒரு நாள் கன்னிலிருந்து நீர்த்துளி தெறித்து அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்தன.

முடிந்த பாகங்களுக்கு ஆறு கோட்டிங் ஏறியிருக்கிறது. தின்னர் முழுவதும் வெளியேறப் பூச்சு இன்னும் சுருங்கும் என்பதால் இரண்டு வாரம் ஆறவிட்டு, 1500, 2000 எண் தாள்களால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து மெருகேற்ற ரப்பிங் காம்பவுண்டு போடுவேன். உடற்பகுதியை அடுத்த ஞாயிறு அடிக்கிறேன். அதற்குமுன் கூட்டை இன்னும் 2 அடி அகலமாக்க வேண்டும், இப்போதுள்ள இடத்தில் அதைச் சுற்றி வரும்போது முழங்கை பாலித்தீனில் உரசுகிறது.